ஆற்றங்கரையில் கூடாரம்: எந்தத் தண்ணீரைக் குடிப்பது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். டிசம்பர் விடுமுறையில் இரண்டு குடும்பமாக ஏழு பேர் காரில் போய், கனகபுராவுக்கு அப்பால் நண்பருடைய தோட்டத்தில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப்போகிறோம். அர்க்காவதி ஆறு தோட்டத்தை ஒட்டியே ஓடுகிறது. ஆறு வயதுப் பையனும், ஐந்து மாதக் கர்ப்பிணியான என் அண்ணியும் வருகிறார்கள். நான் ஒரு ஃபில்டர் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். மச்சான் "கொதிக்க வெச்சா போதும்" என்கிறார். அப்பா "ஓடுற தண்ணிக்குத் தோஷம் இல்ல, செம்புக் குடத்துல ஊத்தி வெச்சுக் குடிக்கலாம்" என்கிறார். ஜனவரியில் நானும் மச்சானும் மட்டும் குடகில் தடியண்டமோள் ஏறப்போகிறோம். இரண்டு இடத்துக்கும் எது சரி?

பதில்: அர்க்காவதித் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், அதில் சமைக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தாலும் சரி, வடிகட்டினாலும் சரி, வேண்டாம்.

காரணம் நம் ஊர்தான். அர்க்காவதி நந்தி மலையில் பிறக்கும்போது நல்ல ஆறு. பெங்களூருவுக்குள்ளேயே பிறக்கும் விருஷபாவதி, நகரத்தின் சாக்கடையையும் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கத்துக் கழிவையும் வாங்கிக்கொண்டு, மைசூர் ரோடு ஓரமாகக் கெங்கேரி தாண்டி ஓடுகிறது. பிடதி பக்கம் பைரமங்கலா ஏரியில் அது வெள்ளை நுரையாகப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கிளம்பி, கனகபுரா பக்கத்தில் அர்க்காவதியில் கலக்கிறது. அதன்பின் இரண்டும் ஒன்றாகச் சங்கமத்தில் காவிரியைச் சேர்கின்றன. நீங்கள் தங்கப்போகும் இடம் அந்தக் கலப்புக்குக் கீழே இருக்கிறது.

"வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதானே, சங்கமத்தில் ஓடுவதும் காவிரிதானே" என்று சிலர் கேட்பார்கள். நமக்கு வரும் காவிரித் தண்ணீர், சங்கமத்துக்கு மேலே சிவனசமுத்திரம் பக்கமே எடுக்கப்பட்டு, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. அது அர்க்காவதி கலப்பதற்கு முந்தைய காவிரி.

தண்ணீரில் இருக்கும் கெடுதலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் உங்கள் வீட்டு விவாதம் முடிந்துவிடும். ஒன்று கிருமி. அதைக் கொல்ல வழிகள் பல உண்டு. இன்னொன்று கரைந்திருக்கும் இரசாயனம்: தொழிற்சாலை உலோகம், பூச்சிமருந்து, நைட்ரேட். அடுப்பு அதை ஒன்றும் செய்யாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாவதால் மிச்சத்தில் உலோகத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும். கையில் எடுத்துப்போகும் ஃபில்டரில் கரி இருந்தால் நாற்றமும் கொஞ்சம் இரசாயனமும் குறையலாம், ஆனால் தொழிற்கழிவுக்கு அதை நம்பக் கூடாது. ஆகவே வெளியூரில் முதல் வேலை எந்தத் தண்ணீரை எடுப்பது என்று பார்ப்பது. எப்படிச் சுத்தம் செய்வது என்பது அதற்கு அப்புறம்தான்.

கனகபுராவுக்குக் காரில் போகிறீர்கள். வீட்டிலிருந்தே கேன் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3 லிட்டர், சமையலுக்கும் பல் துலக்கவும் இன்னொரு 2 லிட்டர் என்று வைத்தால் ஏழு பேருக்கு நாளைக்கு 35 லிட்டர். இரண்டு இரவு என்றால் முழுசாக இரண்டு நாளும் கொஞ்சமும் ஆகும். 20 லிட்டர் கேன் நான்கு எடுத்தால் தாராளம். 80 கிலோ எடைதான், இரண்டு காரில் பிரித்து வைத்துவிடலாம். கூடவே கேனில் மாட்டும் குழாயோ பம்போ கொண்டுபோங்கள், டம்ளரை முக்கி எடுக்க வேண்டியிருக்காது. தோட்டத்துப் போர்வெல் தண்ணீரைக் கைகால் கழுவவும் பாத்திரத்தின் முதல் கழுவலுக்கும் வைத்துக்கொள்ளலாம். கொத்தமல்லி, தக்காளி, பழம் எதையும் அதில் அலசாதீர்கள். போர்வெல்லில் ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ இருந்தால் நாக்குக்குத் தெரியாது. பையனை ஆற்றில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள். குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீரை விழுங்காமல் இருக்கவே மாட்டார்கள்.

அப்பா சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. அவர் சிறுவயதில் குடித்த ஆற்றுக்கு மேலே தொழிற்பேட்டை இருந்திருக்காது. ஆனால் ஓட்டம் கிருமியைக் கொல்வதில்லை, கீழே இருப்பவருக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. செம்பு விஷயத்தில் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் செத்துப்போயின. அது ஆய்வுக்கூடத்தில், தெளிந்த தண்ணீரில், பாக்டீரியாவை வைத்துப் பார்த்தது. மஞ்சள் காமாலை வைரஸுக்கும் தொழிற்சாலைக் கழிவுக்கும் அந்தக் குடம் பதில் சொல்லாது. கேன் தண்ணீரை அதில் ஊற்றி வைத்து அப்பா குடிக்கட்டும்.

இனி மச்சானின் அடுப்பு. கிருமி விஷயத்தில் கொதிக்க வைப்பதை மிஞ்ச எதுவும் இல்லை. பாக்டீரியா, வைரஸ், வயிற்றுப்போக்கைத் தரும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் எல்லாம் போய்விடும். தளதளவென்று புரண்டு கொதிக்க ஆரம்பித்தபின் ஒரு நிமிடம் போதும். 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். பத்து, இருபது நிமிடம் என்று சொல்வார்கள், அது கேஸுக்குத்தான் நஷ்டம். ஏறுகிற ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். பெங்களூருவிலேயே தண்ணீர் 97 டிகிரியில்தான் கொதிக்கிறது, 1748 மீட்டர் உயரத் தடியண்டமோளின் உச்சியில் 94 வாக்கில் கொதிக்கும். கிருமி சாக அது தாராளம். தவறு நடப்பது அதற்குப் பிறகுதான். சூடாக இருக்கிறதென்று யாராவது ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடுவார்கள். அந்த ஒரு டம்ளரோடு முழு வேலையும் வீண். கொதித்த பாத்திரத்திலேயே மூடி வைத்து ஆறவிடுங்கள்.

உங்கள் ஃபில்டர் பாட்டிலின் அட்டையில் துளையின் அளவு 0.1 அல்லது 0.2 மைக்ரான் என்று போட்டிருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பாக்டீரியாவும் ஜியார்டியா வகைகளும் அதில் சிக்கும். வைரஸ் சிக்காது. மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் ஏறக்குறைய 0.03 மைக்ரான்தான், ஹெபடைடிஸ் ஈ-யும் அந்த அளவுதான். வெளிநாட்டு மலையோடைகளில் ஆள் நடமாட்டம் குறைவென்பதால் இந்தக் குறையைப் பெரிதாக நினைக்கமாட்டார்கள். நம் ஊரில் ஓடைக்கு மேலே எப்போதும் ஒரு வீடோ எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்போ இருக்கும், மனிதக் கழிவு கலந்திருக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஹெபடைடிஸ் ஈ கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்தானது. அண்ணிக்கு ஃபில்டர் பாட்டில் தண்ணீரை மட்டும் நம்பிக் கொடுக்கவே கூடாது. கேன் தீர்ந்து போர்வெல் தண்ணீர்தான் வழி என்றானால் அவருக்கு அதைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள், ஒரு வேளைக்குத்தான். அயோடின் சொட்டுகளும் கர்ப்பிணிக்கும் தைராய்டு உள்ளவர்களுக்கும் ஆகாது.

குடகு வேறு கதை. அங்கே தண்ணீரைச் சுமந்து மாளாது, கிருமியோடுதான் பெரும்பாலும் சண்டை. ஆளுக்கு 3 லிட்டர் கீழிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள், ஜனவரியில் ஓடைகள் மெலிந்திருக்கும். வழியில் எடுக்க வேண்டி வந்தால் காப்பித் தோட்டங்களுக்கு மேலே, காட்டுக்குள்ளிருந்து இறங்கும் ஓடையில் எடுங்கள். தோட்டத்துக்குக் கீழே என்றால் பூச்சிமருந்து வந்துவிடும். காட்டில் தீ மூட்டக் கூடாது, கேஸ் அடுப்பைக்கூட வனத்துறை அனுமதிக்குமா என்று செக்போஸ்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால் அடுப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஃபில்டரும் குளோரின் மாத்திரையும் சேர்ந்ததுதான் அங்கே சரி. குளோரினுக்கு அசராத கிரிப்டோஸ்போரிடியத்தை ஃபில்டர் பிடிக்கும், ஃபில்டரைத் தாண்டும் வைரஸை மாத்திரை முடிக்கும். ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கிறது.

வரிசை முக்கியம். கலங்கலாக இருந்தால் முதலில் துணி. பழைய நூல் புடவையை நாலாக, எட்டாக மடித்து வடிகட்டுங்கள். புதுத்துணியைவிடத் துவைத்துத் துவைத்துப் பழசானதில் இழைகள் நெருங்கியிருக்கும். வங்கதேசத்துக் கிராமங்களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த எளிய வேலையே காலராவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. காலராக் கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மிதவை உயிர்கள் துணியில் சிக்கிவிடுவதால் அப்படி. நேரம் இருந்தால் தேத்தாங்கொட்டையைப் பாத்திரத்தின் உள்பக்கம் உரசி மண்ணைப் படிய விடலாம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அப்புறம் ஃபில்டர். கடைசியில் மாத்திரை. மண் இருந்தால் குளோரின் மண்ணோடு மோதியே தீர்ந்துவிடும்.

மாத்திரை அட்டையைக் கட்டாயம் படியுங்கள். ஒரு லிட்டருக்கான மாத்திரையும் உண்டு, 20 லிட்டருக்கானதும் உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். போட்டபின் 30 நிமிடம் காத்திருங்கள், தண்ணீர் ஜில்லென்று இருந்தால் இன்னும் அதிக நேரம். மாத்திரை கரைந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, மருந்துத் தண்ணீர் மூடியின் மரை வழியாகக் கசிய விடுங்கள். ஓடையில் முக்கியபோது அந்த மரையில் தங்கிய பச்சைத் தண்ணீர் நேராக உதட்டுக்கு வரும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் குடகுப் பக்கம் ஒரு மலையேற்றத்தில் நாங்கள் ஒழுங்காக வடிகட்டினோம். ஆனால் ஓடையில் முக்கிய அதே பாட்டில்களில்தான் வடிகட்டிய தண்ணீரையும் பிடித்தோம். மூன்று வாரம் கழித்து இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. அதனால்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அதன்பிறகு அழுக்குத் தண்ணீர் எடுக்க ஒரு பாட்டில், அதன் கழுத்தில் சிவப்புக் கயிறு என்று வைத்துவிட்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் (யுவி) விளக்கு தெளிந்த தண்ணீரில் நன்றாக வேலை செய்யும், பேட்டரி போனால் அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாமல் மாட்டிக்கொண்டால், நிறமில்லாத சின்ன ப்ளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் கிடத்துங்கள். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் தேவை.

திரும்பி வந்ததும் இரண்டு பயணத் தேதிகளையும் காலண்டரில் குறித்து வையுங்கள். டைபாய்டு காட்ட ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும், ஜியார்டியாவுக்கு ஒன்றிரண்டு வாரம், ஹெபடைடிஸ் ஏ-க்கு 50 நாள்வரைகூட ஆகலாம். பிப்ரவரியில் யாருக்காவது காய்ச்சலோ, விடாத வயிற்றுப்போக்கோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் டாக்டரிடம் அந்தத் தேதியையும், எந்த ஓடையில் குடித்தீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். அண்ணிக்கு என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.