169.254 என்று தொடங்கும் முகவரி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மடிக்கணினியில் வைஃபை இணைந்ததாகக் காட்டுகிறது, இணையம் மட்டும் இல்லை. ஐபி முகவரி 169.254.18.77 என்றிருக்கிறது. கைபேசியில் எல்லாம் சரியாக வருகிறது. விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கோளாறு எங்கே என்பதை அந்த முகவரியே பாதி சொல்லிவிடுகிறது. அது ரூட்டர் கொடுத்ததல்ல. உங்கள் கணினி முகவரி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. இதை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது.

முதலில் கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். அதிலும் இணையம் இல்லையென்றால் ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். கைபேசியில் வந்தால், கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோஸ் சாளரம்) 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்' (ipconfig /release), பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரென்யூ' (ipconfig /renew) கொடுங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரி வந்தால் வேலை முடிந்தது.

வராவிட்டால் கேபிளில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் முகவரி கிடைத்தால் வைஃபை அடாப்டரின் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். கேபிளிலும் கிடைக்காவிட்டால், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் 'டிஹெச்சிபி கிளையன்ட்' (DHCP Client) ஓடுகிறதா என்று பாருங்கள். ரூட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறைக்குப் பெயர்தான் டிஹெச்சிபி, கணினியின் சார்பில் முகவரி கேட்பது இந்தச் சேவை. தனியாக நிறுவிய ஃபயர்வால் இருந்தால் சிறிது நேரம் நிறுத்திப் பாருங்கள். முகவரி கேட்கவும் பெறவும் பயன்படும் வழிகளான யுடிபி 67, 68 போர்ட்டுகளை அது அடைத்தால் ரூட்டரின் பதில் உள்ளே வராது.

இன்னொரு காரணமும் உண்டு, எளிதில் கண்ணில் படாது. ரூட்டர் 192.168.1.100 முதல் 149 வரை கொடுக்கும்படி அமைந்திருந்தால் மொத்தம் 50 முகவரிதான். மேக் முகவரியை (சாதனத்தை ரூட்டர் அடையாளம் காணும் எண்) அடிக்கடி மாற்றிக்கொள்ளும் கைபேசி ஒவ்வொரு முறையும் புதுச் சாதனமாகக் கணக்கில் ஏறும். பழைய குத்தகை, அதாவது முகவரி கொடுக்கப்பட்ட கால அளவு முடியும்வரை அந்த இடமும் காலியாகாது. முன்பே முகவரி வாங்கிய கைபேசி ஓடும், புதிதாகக் கேட்கும் கணினி தவிக்கும். வரம்பின் முடிவை 200 ஆக்குங்கள்.

பிணைய அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் 'நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட்' (netsh int ip reset) கட்டளையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கையால் கொடுத்த அமைப்புகளையும் அது அழித்துவிடும்.

கேள்வி: சிக்னல் எட்டாத அறைக்குப் பழைய ரூட்டரைக் கேபிளில் இணைத்தேன். அன்றிலிருந்து கணினிகளுக்கு ஒரு நேரம் 192.168.1 வரிசையில் முகவரி வருகிறது, ஒரு நேரம் 192.168.0 வரிசையில். இரண்டாவது வந்தால் இணையம் இல்லை.

பதில்: இரண்டு ரூட்டரும் முகவரி கொடுக்கின்றன. முதலில் யார் பதில் சொல்கிறாரோ அவர் முகவரி ஒட்டிக்கொள்ளும். 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) கொடுத்து 'டிஹெச்சிபி சர்வர்' வரியைப் பார்த்தால் கொடுத்தது யார் என்று தெரியும்.

பழைய ரூட்டரைக் கழற்றி, கணினியோடு மட்டும் இணையுங்கள். அதன் லேன் முகவரியை (வீட்டுப் பிணையத்துக்குள் ரூட்டருக்கு உள்ள முகவரி) 192.168.1.2 ஆக்குங்கள், இது முதல் ரூட்டரின் வரம்புக்குள் இருக்கக் கூடாது. புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஹெச்சிபியை நிறுத்துங்கள். வரிசை முக்கியம்: டிஹெச்சிபியை முதலில் நிறுத்தினால், முகவரி கிடைக்காமல் அமைப்புப் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். பிறகு லேன் துளையிலிருந்து லேன் துளைக்குக் கேபிள் போடுங்கள். இணைய இணைப்புக்கான வேன் (WAN) துளை பழைய ரூட்டரில் காலியாகவே இருக்கட்டும்.

கேள்வி: அச்சுப்பொறிக்கு நிலையான முகவரி கொடுத்தேன். அவ்வப்போது 'ஐபி மோதல்' என்று வருகிறது.

பதில்: ரூட்டர் பங்கிடும் வரம்புக்குள் இருக்கும் எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். அதே எண்ணை ரூட்டர் வேறு சாதனத்துக்கும் கொடுக்கும்போது இரண்டும் மோதும். அச்சுப்பொறியைத் தானியங்கி முறைக்கு மாற்றி, ரூட்டரில் அதன் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.