கேவலம் ஒரு புழு!

கேள்வி: கேவலம் ஒரு புழுவ ஆராய்ச்சி செஞ்ச ஆக்களுக்கு நாலு தரம் நோபல் பரிசு குடுத்திருக்காங்களாம். மனுசர்ட வருத்தத்துக்கு மனுசர ஆராயாம புழுவ ஆராயுறது காச வீணாக்குற வேலையில்லையா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, காச விடுங்க, எனக்குக் குத்துறது உங்கட முதல் சொல்லுதான். கேவலம். நம்மட பக்கத்துல இது லேசா வாயில வந்திரும். கேவலம் ஆர்ட்ஸ் படிக்கிற புள்ள, கேவலம் வாவியில வலை வீசுறவன்ட மகன், இப்ப கேவலம் ஒரு புழு. கிட்டப் போய்ப் பார்க்காமலே விலை போடுற இந்தப் பழக்கத்தோட எனக்கு எப்பவும் சண்டைதான், இந்தப் பக்கத்த வழமையா வாசிக்கிறவங்களுக்கு அது தெரியும்.

நீங்க சொல்ற புழுட பேர் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ். நம்மட புள்ளையள்ட வயித்துல கிடக்குற பூச்சியில்ல இது, ஆருக்கும் ஒரு வருத்தமும் குடுக்காது, அழுகின பழத்துலயும் கூட்டெருவிலயும் பக்ரீரியாவத் திண்டு வாழும். முழுசா வளந்தாலும் ஒரு மில்லிமீற்றர்தான். உடம்புக்குள்ளால வெளிச்சம் போகும், அதால நுணுக்குக்காட்டியில வெச்சா தொண்ட அமுக்கி அமுக்கிச் சாப்பாட்ட உள்ளுக்கு இழுக்குறதும், வயித்துல முட்டையள் கிடக்குறதும், அந்த முட்டைக்குள்ள குஞ்சு சுருண்டு புரளுறதும் உயிரோடயே தெரியும். ஆண் துணை இல்லாமலே ஒரு புழு 300 முட்ட வரைக்கும் போடும், மூண்டு நாலு நாள்ல அதுகளும் முட்டைக்கு வந்திரும். வேலை முடிஞ்சா திரவ நைதரசன்ல உறைய வெச்சு, வருசக்கணக்குக்குப் பிறகும் எடுத்து எழுப்பலாம். ஒரு உடம்பு எப்படி உருவாகுது, நரம்பு எப்படி வேலை செய்யுது எண்டு படிக்க சிட்னி பிரென்னர் எண்ட விஞ்ஞானி 1963ல கேம்பிரிட்ஜ்ல இருந்து தேடினது இப்படியான ஒரு உயிரத்தான். உங்கட காசுக் கேள்விக்கும் இதுக்குள்ளயே பதில் இருக்கு, இதவிட மலிவா வளர்க்க ஆய்வுகூடத்துல வேற மிருகம் கிடைக்குறது கஷ்டம்.

இனி ஜோன் சல்ஸ்டன், பிரென்னரோட வேலை செஞ்ச விஞ்ஞானி. அந்த மனுசன் ஒண்டரை வருசமா ஒரு நாளைக்கு ரெண்டு தரம், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம், நுணுக்குக்காட்டியில கண்ண வெச்சபடி முட்டைக்குள்ள ஒவ்வொரு கலமும் எப்பப் பிரியுது, பிரிஞ்சு எங்க போகுது எண்டு பார்த்துப் பார்த்துக் கையால கீறினார். முட்டைக்குள்ள 671 கலம் உருவாகி அதுல 113 தானாச் சாகுது. முட்டைய விட்டு வந்த பிறகும் கலம் பிரியும், ஆண் துணை இல்லாம முட்ட போடுற புழு முழுசா வளந்தா இனப்பெருக்கக் கலங்கள விட்டு சரியா 959 கலம், அதுல 302 நரம்புக்கலம். எந்தப் புழுவ எடுத்தாலும் அதே கலம் அதே நேரத்துல அதே இடத்துலதான் சாகுது. 1983ல அந்தப் படம் முழுசா வெளிவந்தது. தங்கச்சி, இத வாசிக்கிறப்பல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரு முழு உயிர்ட வம்சாவழிய ஒரு கலம் விடாம எழுதி வெச்சிருக்காங்க! நம்மட உடம்புல கோடானுகோடி கலம், உள்ளுக்குள்ள பார்க்கவும் ஏலாது, மனுசர்ல இத எப்படிச் செய்யுறது?

அந்தச் சாவுக்குள்ளதான் உங்கட "மனுசர்ட வருத்தம்" இருக்கு. கலத்தச் சாகச் சொல்லுற ஜீன் எது, சாகாமக் காக்குற ஜீன் எது எண்டு ரொபர்ட் ஹோர்விட்ஸ்ட ஆக்கள் புழுவுல கண்டுபிடிச்சாங்க. காக்குற ஜீன் மனுசர்ட நிணநீர்க் கேன்சர்ல ஏற்கனவே கண்ட பிசிஎல்-2 எண்ட ஜீன்ட சொந்தக்காரன். மனுசர்ட ஜீனப் புழுவுக்குள்ள வெச்சா அங்கயும் கலம் சாகாம நிக்குது. இண்டைக்கு ஒரு வகை இரத்தக் கேன்சருக்குக் குடுக்குற வெனெட்டோகிளக்ஸ் குளிசை அந்த பிசிஎல்-2 புரதத்தத்தான் மடக்குது. பிரென்னர், ஹோர்விட்ஸ், சல்ஸ்டன் மூண்டு பேருக்கும் 2002ல பரிசு.

2006ல ஆர்என்ஏ எண்ட மூலக்கூற வெச்சு ஜீன அடக்குற வித்தைக்கு, 2008ல பச்சையா ஒளிருற புரதத்துக்கு, அதுகள நான் விரிக்கல்ல. 2024 பரிசுதான் உங்களுக்கு முக்கியம். விக்டர் அம்ப்ரோஸும் கரி ருவ்கனும் 1993ல மைக்ரோஆர்என்ஏ, அதாவது ஜீன அடக்குற ஒரு குட்டி ஆர்என்ஏ, அதப் பத்திப் புழுவுல கண்டு எழுதினப்ப பெரிசா ஆரும் கணக்கெடுக்கல்ல, அது புழுட விசேசம் எண்டு விட்டுட்டாங்க. 2000ல அதே வகையில இன்னொண்டு மனுசர்லயும் இருக்கு எண்டு தெரிய வந்தது. ஏழு வருசம்! கேவலம் எண்டு நினைக்குறதுக்கு விஞ்ஞானிமாரும் விலக்கில்ல.

நம்மட புள்ளையள் இதையெல்லாம் பார்த்தா படிக்குறாங்க? பயோ எடுக்குற புள்ள விடியக்காலம டியூசன், பின்னேரம் டியூசன், நெமற்றோடா, அதுதான் இந்தப் புழு சேந்த வட்டப்புழுக் கூட்டம், அதுட இயல்புகள் எத்தின எண்டு கேட்டா ஒரே மூச்சுல சொல்லும், ஆனா உயிரோட ஒரு நெமற்றோடாவக் கண்ணால கண்டிருக்காது. அம்பாறை மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூடம், பேர் வேணாம், நுணுக்குக்காட்டி எல்லாம் உறை கழட்டாமலே அலுமாரியில பூட்டிக் கிடக்கு, உடைஞ்சா ஆர் பொறுப்பு எண்டு பயமாம். உடையட்டும், ஐயா! பூட்டி வெச்சுப் பூஞ்சணம் புடிக்குறதுக்கா வாங்கினது? களுதாவளைப் பக்கம் கத்தரி வேர்ல முடிச்சு முடிச்சா வந்து செடி மஞ்சளடிச்சா, அதுவும் ஒரு வட்டப்புழுட வேலைதான், வேற இனம். அத அடையாளம் காணத் தெரிஞ்ச ஒரு புள்ள வீட்டுல இருந்தா தகப்பன் உரம் காணாது எண்டு நினைச்சு யூரியாவ அள்ளிக் கொட்டமாட்டார்.

உயிரியல் ஆசிரியர்மாருக்குச் சொல்லுறன், செலவே இல்ல. ஒரு புனல்ட வால்ல றப்பர் குழாய மாட்டிக் கிளிப்பால அடைங்க, தண்ணி ஊத்துங்க, ஒரு புடி தோட்டத்து மண்ண டிசு பேப்பர்ல பொதிஞ்சு தண்ணியில படுற மாதிரி மேல வைங்க. ஒரு இராவு விட்டா மண்ணுல கிடக்குற புழுவெல்லாம் நெளிஞ்சு டிசுவுக்குள்ளால இறங்கி அடியில சேரும். காலம கிளிப்பத் திறந்து ரெண்டு சொட்ட கண்ணாடித் தட்டுல எடுத்து ஆகச் சின்ன உருப்பெருக்கத்துல பாருங்க, அது காணும். புள்ளையள் பார்த்துக் கீறின படத்த எங்களுக்கு அனுப்புங்க, எந்த ஊர் மண் எண்டும் எழுதுங்க, இதே பக்கத்துல போடுறம்.