கன்னியா வெந்நீரில் கிருமி ஏமாறுமா?

கேள்வி: வயிற்றுளைவைத் தரும் ஷிகெல்லா, உடற்சூட்டை உணர்ந்துதான் தாக்கும் பரம்பரையலகுகளை இயக்குகிறது என்று படித்தோம். திருகோணமலைக் கன்னியாக் கிணறுகளிலும் வெந்நீர்தானே? அதில் விழுந்த கிருமி, குடலுக்குள் வந்துவிட்டதாக ஏமாறாதா?
– உயர்தர உயிரியல் மாணவி, உவர்மலை

பதில்: பாதிதான் ஏமாறும். அந்தப் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 220,000 மூலச் சோடிகள் கொண்ட பெரிய பிளாஸ்மிட் ஒன்றில், அதாவது கிருமியின் நிறமூர்த்தத்துக்கு வெளியே தனியாக இருக்கும் டீஎன்ஏ வளையத்தில், இருக்கின்றன. வெளியே குளிரில் எச்-என்-எஸ் என்ற புரதம் அவற்றை அமுக்கி வைத்திருக்கும். அவற்றுள் முதலில் இயங்கும் விர்-எஃப் பரம்பரையலகின் முன்னால் டீஎன்ஏ வளைந்திருப்பதே அதற்குப் பிடி. சூடு 32 பாகையைத் தாண்டினால் வளைவு தளர்ந்து பிடி விட்டுவிடும். பிறகு விர்-எஃப் புரதம் விர்-பி என்ற அடுத்த பரம்பரையலகைத் தூண்டும். விர்-பி புரதம் மற்ற இடங்களிலும் எச்-என்-எஸ்ஸை விலக்கும்.

வெந்நீர் இந்த முதற்படியைத் தொடக்கலாம். ஆனால் நன்னீரில் உப்புச் செறிவு குறைவு என்பதால் விர்-எஃப் மந்தமாகவே இயங்கும். அதையும் மீறி ஊசி போன்ற சுரப்புக் கருவி உருவானாலும், குடற்கலத்தைத் தொடாமல் புரதத்தைச் செலுத்தாது. ஒட்சிசனும் இதில் சேர்கிறது. அது இல்லாத குடல் நடுவில் ஊசி நீளும், சுரப்பு அடங்கியிருக்கும். குடற்சுவரை நெருங்கும்போது குருதிக் குழாய்களிலிருந்து கசியும் ஒட்சிசன் அந்தத் தடையை எடுத்துவிடும். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

இத்தனை கட்டுப்பாடு ஏன்? கருவி செய்ய ஆகும் செலவுதான். 37 பாகையில் திரும்பத் திரும்ப வளர்த்தால், பிளாஸ்மிட்டைத் தொலைத்த கலங்கள் வேகமாகப் பெருகி முந்திவிடும். ஒரு லீட்டர் ஏகார் ஊடகத்தில் 0.1 கிராம் கொங்கோ சிவப்புச் சாயம் சேர்த்து 37 பாகையில் ஓரிரவு வைத்தால், பிளாஸ்மிட் உள்ள கொலனிகள் சிவக்கும், இழந்தவை வெளிறும். 30 பாகையில் எல்லாமே வெளிறித்தான் தெரியும். அதை வைத்து பிளாஸ்மிட் போய்விட்டது என்று முடிவெடுக்கக் கூடாது.

தண்ணீரில் கிருமி அடங்கிக் கிடப்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். 10 முதல் 100 கலங்கள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம்.

கேள்வி: பிள்ளைக்கு இரத்தம் கலந்த வயிற்றோட்டம். வீட்டில் மிஞ்சிய சிப்ரோஃப்ளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுக்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: கொடுக்கவே வேண்டாம். ஷிகெல்லாவாக இருந்தால் டொக்டரே பொருத்தமான மருந்தைத் தருவார். ஈ.கோலை ஓ157 என்ற இன்னொரு குடற்கிருமியாக இருந்தால் கதை வேறு. அதன் நச்சுப் பரம்பரையலகு, கிருமிக்குள் உறங்கும் வைரசு ஒன்றில் இருக்கிறது. சிப்ரோஃப்ளொக்சசின் டீஎன்ஏயைச் சிதைக்க, வைரசு விழித்துப் பெருகும். கலம் வெடித்து நச்சு வெளியேறும். அது சிறுநீரகத்தைத் தாக்கும், சிறு பிள்ளைகளை மிக மோசமாக. வயிற்றோட்டத்தை அடக்கும் லொபெரமைட்டும் கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்து தொடங்குமுன் மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். போகும் வழியிலும் நீரிழப்பை ஈடுசெய்யும் ஜீவனிக் கரைசல் கொடுங்கள். ஒரு லீட்டர் பொதி என்றால் முழுவதையும் ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும்; கண்மதிப்பில் பாதி போட்டால் உப்பின் அளவு பிழைத்துவிடும். ஒவ்வொரு முறை போன பின்பும் 2 வயதுக்குட்பட்டோருக்கு 50 முதல் 100 மில்லிலீட்டர், அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200. கரைத்து 24 மணி நேரம் ஆனால் மீதியை வெளியே கொட்டிவிடுங்கள். வயிற்றோட்டம் நின்ற பிறகும் ஒரு வாரத்துக்குச் சிறுநீரைக் கவனியுங்கள். அது குறைந்தாலோ முகம் வெளிறினாலோ அன்றைக்கே திரும்பக் காட்ட வேண்டும்.