மூத்தாள் மகனின் கடனும் குடியிருக்கும் வீடும்

கேள்வி: எனக்கு வயது 54. 2001-இல் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டேன். அப்போது மூத்தவரின் மகனுக்கு ஏழு வயது. என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனான். எனக்கு ஒரு மகள், கல்லூரி முடித்திருக்கிறாள். என் கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையில் 2006-இல் வீடு கட்டினோம். கையில் பணம் போதாமல் என் நகையில் 18 பவுனை விற்றுத்தான் மேல்தளம் போட்டோம். பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. மகன் திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி, வங்கி, பைனான்ஸ், கைமாற்று என்று 22 லட்சம் ரூபாய் கடனாகிவிட்டான். இப்போது ஒரு நிதி நிறுவனம் வீட்டுப் பத்திரத்தின் பேரில் 30 லட்சம் தருவதாகவும், எல்லாக் கடனையும் ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்றும் சொல்கிறான். கணவர் இணைக் கடன்தாரராகவும் நான் ஜாமீன்தாரராகவும் கையெழுத்திட வேண்டுமாம். மறுத்தால், "பெற்றவளாக இருந்தால் இப்படிச் சொல்வாளா" என்று உறவினர்கள் பேசுவார்கள். அவன் கடனுக்காக இப்போதே வீட்டை எடுத்துக்கொள்ள முடியுமா? நான் கையெழுத்திடலாமா? கணவருக்குப் பின் எங்கள் நிலை என்ன?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் முதல் கேள்விக்கான விடை ஓரளவு நிம்மதி தருவது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வயது வந்த மகன் தன் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு, தனியே கையெழுத்திட்டிருந்தாலன்றி, தந்தையோ தந்தையின் மனைவியோ பொறுப்பாளிகள் அல்லர். தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்று இந்துச் சட்டத்தில் முன்பு ஒரு கோட்பாடு இருந்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், அதன்பின் ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரை அதை நீக்கிவிட்டது. மகனின் கடனைத் தந்தை தீர்க்க வேண்டும் என்ற கோட்பாடோ எக்காலத்திலும் இருந்ததில்லை. தந்தை சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்தில் அவர் உயிரோடு இருக்கும்வரை மகனுக்குப் பங்கு கிடையாது. இல்லாத பங்கைக் கடன் கொடுத்த எவரும் ஜப்தி செய்ய முடியாது. மனை பூர்வீகச் சொத்தாக இருந்து, பாகப்பிரிவினை வழியாகக் கணவருக்கு வந்திருந்தால் மட்டும் இந்த விடை மாறக்கூடும். ஆகவே மூலப்பத்திரத்தை ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

அதற்கு முன் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். பீரோவைத் திறந்து, பையில் இருப்பது அசல் பத்திரமா, ஜெராக்ஸா என்று கண்ணால் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதாலேயே எல்லாம் சரி என்று எண்ணிவிட வேண்டாம். உங்கள் கணவர் எங்காவது ஜாமீன் கையெழுத்திட்டிருந்தாலோ, நிரப்பாத காசோலை கொடுத்திருந்தாலோ அது அதில் தெரியாது. அதை அவரிடம்தான் கேட்டறிய வேண்டும். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் உண்மை வராது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் விடை: கையெழுத்திடாதீர்கள், கணவரையும் இட விடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இத்தகைய படிவங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு பெருக்கல் குறி போட்டிருக்கும். தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். "சும்மா ஒரு பார்மாலிட்டிக்குத்தான்" என்று ஒருவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போவார். ஆனால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு முழுக்கச் சமமானது. முதலில் அவனிடம் கேட்டுவிட்டு, அவனால் முடியாதபோதுதான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. வீடு கணவர் பெயரில் இருந்தாலும், ஜாமீன் போட்டபின் உங்கள் பெயரில் உள்ள வைப்புத்தொகையும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்கையும் பாருங்கள். 30 லட்சத்துக்கு 14 சதவீத வட்டி, 15 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 40,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 72 லட்சம் ஆகியிருக்கும். இன்று 22 லட்சத்துக்கே வழியில்லாத ஒரு தொழில், 180 மாதங்கள் தவறாமல் இந்தத் தொகையை ஈட்டித் தருமா என்பதுதான் கேள்வி. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். அதன்பின், அடமானச் சொத்திலிருந்து கடனை வசூலிக்க வகை செய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு வரும்; கெடு முடிந்தால், உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். வங்கிகளுக்கு மட்டுமல்ல, 100 கோடி ரூபாயும் அதற்கு மேலும் சொத்துள்ள நிதி நிறுவனங்களுக்கும் 20 லட்சம் முதலான கடன்களில் இந்த அதிகாரம் உண்டு. கையகப்படுத்திய நாளிலிருந்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பது உண்மைதான். ஆனால் கோவைத் தீர்ப்பாயத்தின் வராந்தாவில், மகனுக்காகக் கையெழுத்திட்ட பெற்றோர் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தவன் நான். வீடு போய்விடும் என்பதைவிட, தங்களிடம் கேட்ட பிள்ளை இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை என்பதையே அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

உங்களை உண்மையில் வருத்துவது சட்டமன்று, "சித்தி" என்ற சொல்தான் என்பது உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. 25 ஆண்டுகள் சோறு போட்டு, காய்ச்சலில் கண் விழித்து வளர்த்தவளின் பாசத்தை ஒரு கையெழுத்தை வைத்து அளக்கும் உரிமை எந்த உறவினருக்கும் இல்லை. அப்படிப் பேசுபவரிடம் "உங்கள் பத்திரத்தைத் தருகிறீர்களா" என்று கேட்கலாம். ஆனால் அதுகூட வேண்டாம். மறுப்பு உங்கள் கணவரின் வாயிலிருந்து வர வேண்டும், ஏனென்றால் வீடு அவருடையது, மகனும் அவருடையவன். அந்த இடத்தில் நீங்களும் இருங்கள். பெரியப்பா வழியாகவோ அத்தை வழியாகவோ சொல்லியனுப்பினால் அது அவன் காதுக்குப் போய்ச் சேரும்போது வேறொன்றாக மாறியிருக்கும்.

மறுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அவனை உட்கார வைத்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, என்ன எழுதிக் கொடுத்தான் என்று ஒரு தாளில் முழுவதையும் எழுதச் சொல்லுங்கள். 22 லட்சம் என்பது 28 ஆக இருக்கவும் கூடும். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. யூனிட்டில் உள்ள தையல் இயந்திரங்களை, அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதத்தோடு, விற்றால் என்ன தேறும் என்று பாருங்கள். வங்கியிடம் ஒரே தவணையில் தீர்க்கும் சமரசத்துக்கு எழுத்துமூலம் கேட்கலாம். கைமாற்றில் மீட்டர் வட்டி, ரன் வட்டி போன்ற கொடும் வட்டி இருந்தால் அதற்கு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல்துறையிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம். உங்களால் இழக்க முடிகிற ஒரு தொகையைத் தர மனம் வந்தால், அதை ஒரே முறை, நேராக வங்கிக் கணக்கில், திரும்ப வராது என்று தெரிந்தே கட்டுங்கள். அவன் மனைவி மக்களோடு வந்து சில மாதங்கள் தங்க வேண்டியிருந்தால் அதற்கும் அந்த வீடு நிற்க வேண்டும் என்பதை அவனிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி. உயில் எழுதாமல் கணவர் காலமானால், அவருடைய தாயார் இப்போது இல்லையென்று கொண்டால், நீங்கள், அவருடைய மகன், உங்கள் மகள் ஆகிய மூவருக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு சேரும். அந்த நாளில்தான் அவனுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வழி திறக்கிறது: அவன் பங்கை நீதிமன்றம் மூலம் ஜப்தி செய்து ஏலத்தில் விற்கலாம். வாங்கிய வெளியாள் உங்களோடு வந்து குடியிருக்கக் கோர முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அப்போது அதற்குப் பணம் வேண்டும்.

கணவர் எதற்கும் ஜாமீன் போடாத இன்றைய நிலையில், தன் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டு உங்களுக்கும் மகளுக்கும் செட்டில்மென்ட் பத்திரம் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது) எழுதலாம், அல்லது உயில் எழுதிப் பதிவு செய்யலாம். 2023 ஜூலை முதல் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். ஜாமீன் போட்டபின் எழுதினால், கடன் கொடுத்தவரை ஏமாற்றவே எழுதியது என்று அதை நீதிமன்றத்தில் எதிர்க்க இடமுண்டு. செட்டில்மென்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது என்பதால் கணவர் அவசரப்படவும் வேண்டாம். எதை எழுதினாலும் மகனுக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். அவனுக்கு வேறு எந்த வகையில் நியாயம் செய்யப்போகிறார் என்பதையும் தந்தையே அவனிடம் சொல்லட்டும்.

கேள்வி: என் மனைவியின் முதல் திருமணத்து மகன், வயது 27, கைபேசிச் செயலிகளில் கடன் வாங்கிக் கட்டவில்லை. அவன் ஆதாரில் எங்கள் முகவரி இருப்பதால் வசூல் ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். எனக்கும் மிரட்டல் அழைப்புகள் வருகின்றன. வீடு மனைவி பெயரில் உள்ளது. வீட்டுக்கு ஆபத்து உண்டா?

— வாசகர், மதுரை

பதில்: ஆதாரில் முகவரி இருப்பதால் வீடு கடனுக்குப் பிணையாகிவிடாது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்றும், மிரட்டக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-இல் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. அழைப்புகளைப் பதிவு செய்து வையுங்கள். படத்தை மாற்றி அனுப்புவது போன்ற அச்சுறுத்தல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எவராவது நீதிமன்றத் தீர்ப்பாணை பெற்று, நீதிமன்ற ஊழியரான அமீனா ஜப்திக்கு வந்தால், அந்தப் பையனின் பொருளை மட்டுமே எடுக்கலாம்; ஆகவே பிரிட்ஜ், வாஷிங் மெஷின் முதலியவை உங்கள் பெயரில் வாங்கியவை என்பதற்கான ரசீதுகளைத் தேடி ஒரு கோப்பில் வையுங்கள். மனைவி உயில் எழுதாமல் காலமானால் நீங்களும், அவர் வயிற்றில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் அந்த வீட்டுக்குச் சம வாரிசுகள். அந்த மகனும் அதில் அடக்கம். அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்டு, இரண்டு சாட்சிகளோடு உயிலாக எழுதச் செய்யுங்கள்.