டான்யூப் கரையோரச் சைக்கிள் பயணத்தின் நடுவே ஊர் பார்க்க நாட்கள் ஒதுக்கலாமா?

ஜெர்மனியின் பாசா நகரிலிருந்து ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை டான்யூப் ஆற்றோரமாகச் சைக்கிளில் செல்லவிருப்பதாகவும், நடுவில் ஊர் பார்ப்பதற்கென்று நாட்களை ஒதுக்கினால் பயணத்தின் வேகம் கெட்டுவிடுமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். கெடாது. ஆனால் ஊர் பார்க்கும் நாளையும் ஓய்வு நாளையும் ஒரே கணக்கில் எழுதினால் நிச்சயமாகக் கெடும். அந்தப் பாதையில் சென்று வந்தவன் என்ற முறையில் நான் முதலில் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

தொடர்ந்து பல நாட்கள் சைக்கிள் மிதித்தவருடைய கால்கள் வலுவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வலு நடப்பதற்கும் படி இறங்குவதற்கும் அப்படியே உதவுவதில்லை. மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது. படி இறங்கும்போதோ அதே தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத இந்த வேலையால் வரும் வலி அன்றைக்குத் தெரியாமல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்கு வரும். வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்துத் தெற்குக் கோபுரத்தில் 343 படிகள் ஏறி இறங்கிவிட்டு, அடுத்த நாள் காலையில் புறப்பட்டுப் பாருங்கள். நான் சொல்வது புரியும். ஏற விரும்பினால் ஊருக்குள் வந்த முதல் நாளிலேயே ஏறிவிடுவது நல்லது.

பாசாவிலிருந்து வியன்னா வரையிலான 300 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பகுதியில் பார்க்க வேண்டியவற்றுள் பெரும்பாலானவை பாதையை ஒட்டியே இருக்கின்றன. அவற்றுக்கு முழு நாள் தேவையில்லை, அரை நாள் போதும். இதற்கு விதிவிலக்கு, லின்ஸுக்குக் கிழக்கே உள்ள மவுத்தவுசன். 1938 முதல் 1945 வரை நாஜிக்கள் நடத்திய வதைமுகாம் அங்கே நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. கருங்கல் குவாரியிலிருந்து கைதிகள் கல் சுமந்து ஏறிய 186 படிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆற்றங்கரையிலிருந்து அந்த இடத்துக்குச் செல்லும் சாலை கடும் ஏற்றம். ஏற்றத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: அங்கே சில மணி நேரம் இருந்தவருக்கு அதன் பிறகு கிலோமீட்டர் கணக்குப் பார்க்க மனம் வராது. ஆகவே அன்றைய இரவுத் தங்கலை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்கான இடமாக அதை நினைத்தால், போகாமலிருப்பதே மேல்.

என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் சிறந்த இடைவேளை வியன்னா அல்ல, மெல்க் நகரிலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாக்காவ் பள்ளத்தாக்குதான். மொத்தம் 40 கிலோமீட்டருக்கும் குறைவு. மிதித்தே கடந்தால் ஒரு காலைப்பொழுது போதும். அப்படிக் கடந்துவிடுவதுதான் பலரும் செய்வது, எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது. மெல்க்கில் 1089-இல் பெனடிக்டைன் துறவிகள் குடியேறிய மடாலயம் ஒரு பாறையின் மீது நிற்கிறது. இன்று நாம் பார்க்கும் மஞ்சள் நிறக் கட்டடத்தை 1702-இல் கட்டடக் கலைஞர் யாகோப் பிராண்டவுர் தொடங்கினார், அது முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. உள்ளே 196 மீட்டர் நீளமுள்ள நடைக்கூடம் ஒன்று உண்டு. மிதியோடு பூட்டிக்கொள்ளும் உலோக அடிச் சைக்கிள் காலணியோடு அந்தக் கூடத்தில் நடப்பவரின் ஒவ்வோர் அடியும் கடைசிவரை எதிரொலிப்பதைக் கேட்டால், எடை பார்க்காமல் ஒரு சாதாரணச் செருப்பையும் பையில் வைத்திருக்கலாமே என்று அவருக்கே தோன்றும்.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்குப் பயணியர் கப்பல்கள் செல்கின்றன. அவற்றில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். கோடையில் சைக்கிளுக்கும் முன்பதிவு செய்துவிடுவது நல்லது. கால்களுக்கு ஓய்வு, கண்களுக்கு முழு வேலை, பாதையிலும் பின்னடைவு இல்லை என்று மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் ஏற்பாடு இதைப் போல் வேறொன்றை நான் அறியேன். மிதித்தே செல்ல விரும்பினால் ஷ்பிட்ஸ் ஊரில் சற்று நில்லுங்கள். அங்கே ஆற்றைக் கடக்கும் படகுக்கு இயந்திரம் கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் பிணைக்கப்பட்டிருக்கும் அந்தப் படகைச் சற்றே சாய்த்துத் திருப்பியதும், நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளிச் செல்கிறது. சத்தமில்லாமல் மெதுவாக நகரும் அந்தப் படகில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால், இரு கரையின் திராட்சைத் தோட்டங்களையும் ஒருசேரப் பார்க்கலாம். சற்றுத் தள்ளி டியூர்ன்ஸ்டைன் ஊரின் மேலே, இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1192–93-இல் சிறை வைக்கப்பட்டிருந்த கோட்டையின் சிதைவுகள் தெரியும். கற்கள் பாவிய ஏற்றம் என்பதால் சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு நடக்க வேண்டும்.

அடுத்தது வியன்னா. ஒரு நாள் என்பது அந்நகருக்குப் போதாது. மூன்று இரவுகள் தங்க முடிந்தால் நடுவில் இரண்டு முழு நாட்கள் கிடைக்கும், ஒன்றில் பார்க்கலாம், மற்றொன்றில் துணி துவைத்து, சாப்பிட்டு, தூங்கலாம். விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது அரண்மனை எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்காமல், சைக்கிளைப் பூட்டிய அறைக்குள் விட இடம் உண்டா என்றுதான் முதலில் கேட்க வேண்டும், ஏனெனில் தெருவில் கட்டிவிட்டு வந்த சைக்கிளை நினைத்துக்கொண்டே எந்த ஓவியத்தையும் பார்க்க முடியாது. இதைவிட நல்ல வழி, வந்த அன்றே சைக்கிளைப் பழுதுபார்க்கும் கடையில் விட்டுவிடுவது; சங்கிலியும் பிரேக் கட்டைகளும் மாற்ற வேண்டிய நேரம் எப்படியும் வந்திருக்கும். ஆனால் ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அநேகமாக எல்லாமே மூடியிருக்கும். கலை வரலாற்று அருங்காட்சியகமோ செப்டம்பர் முதல் மே வரை திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை, வியாழக்கிழமைகளில் மட்டும் இரவு 9 மணி வரை திறந்திருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் புதன்கிழமை மாலை வந்து சேர்வதே வசதி. அந்த அருங்காட்சியகத்தில் புருகலின் ஓவியங்கள் இருக்கும் அறை ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஷோன்ப்ருன் அரண்மனையில் 1,441 அறைகள் இருந்தாலும் பார்வைக்குத் திறந்திருப்பவை அவற்றில் சிறு பகுதிதான். நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருப்பார்கள் என்பதால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

விசா பெற்றுச் செல்பவர்கள், நின்ற நாட்களும் தங்கும் காலத்தில் சேரும் என்பதை மறக்கக் கூடாது: ஷெங்கன் பகுதியில் (பொது விசா முறையுள்ள ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில்) 180 நாட்களுக்குள் அதிகபட்சம் 90 நாட்கள் என்பது பொது வரம்பு, உங்கள் விசாவில் அதைவிடக் குறைவாகவும் குறிப்பிட்டிருக்கலாம்.

வியன்னாவை விட்டுப் புறப்படும் நாளுக்குச் சிறிய தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா 70 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, பாதையும் சமதளம். ஆனால் டான்யூப் சதுப்புக் காடுகளின் தேசியப் பூங்காவை ஒட்டிய கரைமேட்டில் பாதை நேர்க்கோடாக, நிழல் இல்லாமல், முடிவே இல்லாததுபோல் நீளும். எதிர்க்காற்று அடித்தால் எல்லைக்கு முன்பே உள்ள ஹைன்பர்க் ஊரில் அன்றிரவு தங்கிவிடலாம்.