ஆப்பிரிக்க நாடுகளில் ஜனநாயகம் வளர ஊடகங்கள் உண்மையிலேயே உதவியிருக்கின்றனவா?

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை மொத்தமாக எடைபோட எனக்குத் தகுதியில்லை. கானாவின் தலைநகரான அக்ராவில் மூன்று ஆண்டுகள் கணக்காளராக இருந்தேன். அந்த ஊரை வைத்துச் சொன்னால், உதவியது. அதிலும் முதலிடம் எஃப்.எம். வானொலிக்கு.

2008 டிசம்பர் 28, அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று. அன்று இரவு எங்கள் குடியிருப்பின் காவலாளி மடியில் வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒரு பழைய நோட்டில் தொகுதிவாரியாக வாக்குகளைக் குறித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. உள்ளூர் மொழியான அக்கானில் பேசும் பீஸ் எஃப்.எம். போதும். அங்கே வாக்குச்சாவடியிலேயே, ஊரார் பார்க்க, வாக்குகளை எண்ணிவிடுவார்கள். நிருபர்கள் அந்தக் கணக்கைக் கைப்பேசியில் சொல்லச் சொல்ல நாடே கேட்கும். அப்புறம் தலைநகரில் யாராவது எண்ணைத் திருத்தினால் இப்படிப்பட்ட ஆயிரம் நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். வாக்குச்சீட்டுச் சிக்கலால் டெயின் என்ற ஒரு தொகுதி மட்டும் ஜனவரி 2 அன்று வாக்களித்தது. அதுவரை ஊரே வானொலியோடு காத்திருந்தது. கடைசியில் எதிர்க்கட்சியின் ஆட்டா மில்ஸ் வென்றது சுமார் 40,000 வாக்குகளில், அரை சதவீதம்கூட இல்லை. ஆளுங்கட்சி இறங்கிப் போனது.

இந்த வானொலிச் சுதந்திரத்தை அரசு தாம்பாளத்தில் வைத்துத் தரவில்லை. ஊடகம் நடத்த உரிமம் வேண்டும் என அரசு கேட்கக் கூடாது என்று 1992 அரசியல் சட்டம் சொன்ன பிறகும், 1994இல் உரிமமின்றி ஒலிபரப்பிய ரேடியோ ஐ நிலையத்தின் கருவிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். மறு ஆண்டே தனியார் நிலையங்கள் வந்துவிட்டன.

ஆனால் அதே 1994இல் ருவாண்டாவில் ஒரு தனியார் வானொலிதான் டுட்சி மக்களைக் கொல்லத் தூண்டியது. ஆகவே அலைவரிசை தனியார் கைக்குப் போனாலே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். காவலாளியின் நோட்டில் ஏறியது எண். அதைச் சாவடியில் போய்ச் சரிபார்க்கலாம். வசைக்கு அப்படி ஒரு சாவடி கிடையாது.

கானாவிலும் நிலையங்கள் பலவற்றுக்கு அரசியல்வாதிகளே முதலாளிகள். 2018இல் ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் தன் சொந்தத் தொலைக்காட்சியிலேயே புலனாய்வுச் செய்தியாளர் அகமது ஹுசைன்-சுவாலேயின் படத்தைக் காட்டி, கண்டால் அடியுங்கள் என்றார். 2019 ஜனவரியில் அந்தச் செய்தியாளர் அக்ராவில் காருக்குள் சுட்டுக்கொல்லப்பட்டார். தனக்குத் தொடர்பில்லை என்று எம்.பி. மறுத்தார்.