இரவல் வீரர்கள்: ஃபைட்டிங் கேம் கேள்வி–பதில்

கேள்வி: டெக்கன் 7 என்ற ஃபைட்டிங் கேமில் அகுமா இரவலாக வந்தார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆளை டெக்கனுக்குக் கொண்டுவர நிறையப் பணம் கொடுத்திருப்பார்கள், இல்லையா?

பணத்தை மட்டும் வைத்து யோசித்தால் பாதிதான் புரியும். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு முன்பணம், அதற்கு மேல் விற்பனையில் ஒரு பங்கு என்று இருக்கும், தொகை வெளியே வராது. ஆனால் கேம் செய்கிறவர்களின் நேரத்தையும் உழைப்பையும் அதிகம் தின்பது ஒப்புதல்தான். மாடல், உடையின் நிறம், நடை, ஜெயித்ததும் நிற்கும் தோரணை, பேசும் வசனம், ட்ரெய்லர் என்று ஒவ்வொன்றும் உரிமையாளருக்குப் போய், அவர்கள் சரி என்ற பிறகுதான் அடுத்த கட்டம். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்கிற நிலைமைதான் இது.

2008-இல் வந்த மார்ட்டல் காம்பட் வெர்சஸ் டிசி யுனிவர்ஸைப் பாருங்கள். ரத்தத்துக்குப் பேர்போன கேம், ஆனால் அதில் சூப்பர்மேனும் பேட்மேனும் யாரையும் கொல்ல மாட்டார்கள். எதிரியைக் கொடூரமாகக் கொல்லும் ஃபேட்டாலிட்டி வில்லன்களுக்குத்தான், ஹீரோக்களுக்கு எதிரியை அடித்து வீழ்த்துவதோடு நிற்கும் வேறொரு முடிவு. கேமே பதின்வயதினருக்கான ரேட்டிங்கில்தான் வந்தது. இன்னொருவர் கேரக்டரைத் தொட்டதால் கேமின் குணமே மாறிய கதை இது.

அகுமா விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் என்பேன். 2012-இலேயே ஸ்ட்ரீட் ஃபைட்டரின் உரிமையாளரான காப்காம், நாம்கோவின் டெக்கன் ஆட்களை வைத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன் செய்திருந்தது, அதனால் இரண்டு கம்பெனிக்கும் பழக்கம் இருந்தது. டெக்கன் 7-இல் அவரைச் சும்மா ஓரத்தில் நிறுத்தவில்லை. டெக்கனின் முக்கிய ஆட்களான ஹெய்ஹாச்சியையும் அவர் மகன் கசுயாவையும் கொல்லச் சொல்லி, ஹெய்ஹாச்சியின் மனைவி கசுமியே அகுமாவிடம் கேட்டதாகக் கதைக்குள்ளேயே கோத்துவிட்டார்கள். வெளியாள் ஒருவர் கதையின் மையத்துக்கே வர இரு தரப்பும் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம்.

கேள்வி: சோல்கேலிபர் 2-இல் ஒவ்வொரு கன்சோலுக்கும் ஏன் வேறு வேறு கெஸ்ட், அதாவது வெளியிலிருந்து இரவலாக வரும் கேரக்டர்?

கன்சோல் விற்பனைக்காகத்தான். நிண்டெண்டோவின் கேம்க்யூபில் ஜெல்டா கேம்களின் நாயகன் லிங்க், எக்ஸ்பாக்ஸில் காமிக்ஸ் ஹீரோ ஸ்பான், பிளேஸ்டேஷன் 2-இல் நாம்கோவின் சொந்த ஆளான ஹெய்ஹாச்சி. லிங்க் நிண்டெண்டோவின் சொத்து, அவர் வேறு கம்பெனியின் பெட்டிக்குள் போவதற்கு வழியே இல்லை. 2013-இல் எச்டி பதிப்பு பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தபோது ஹெய்ஹாச்சியும் ஸ்பானும் இரண்டிலும் இருந்தார்கள், லிங்க் மட்டும் இல்லை.

கேள்வி: மார்ட்டல் காம்பட் 11-இல் டெர்மினேட்டரின் முகம் அர்னால்டுடையது, குரல் அவருடையது இல்லை. இது என்ன கணக்கு?

ஒரு கேரக்டர் என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒரே பொருள் கிடையாது. கதாபாத்திரத்தின் பதிப்புரிமை ஒருவரிடம், பெயரும் லோகோவும் வர்த்தக முத்திரையாக ஒருவரிடம், நடிகரின் முகம் அந்த நடிகரிடம், குரல் வேண்டும் என்றால் அவரே ஸ்டுடியோவுக்கு வந்து பேச வேண்டும், அதற்குத் தனிச் சம்பளம், தனித் தேதி. டி-800 என்ற டெர்மினேட்டருக்கு அர்னால்டின் முகம் கிடைத்தது, பேசியவர் கிறிஸ் காக்ஸ். அதே கேமில் ராம்போவுக்கு ஸ்டாலோனே பேசினார், ரோபோகாப்புக்கு பீட்டர் வெல்லர் வந்தார். 11-க்கு அடுத்து 2023-இல் வந்த மார்ட்டல் காம்பட் 1-இல், இன்வின்சிபிள் தொடரின் ஓம்னி-மேனுக்கு அதில் பேசிய ஜே.கே. சிம்மன்ஸே குரல் கொடுத்தார், தி பாய்ஸ் தொடரின் ஹோம்லேண்டருக்கு அதில் நடித்த ஆன்டனி ஸ்டார் பேசவில்லை. ஒரே கேம், ஒரே கெஸ்ட் வரிசை, ஆளுக்கு ஆள் வேறு நிலைமை.

நிக்கலோடியன் ஆல்-ஸ்டார் ப்ரால் 2021-இல் வந்தபோது இன்னும் வேடிக்கை. ஸ்பாஞ்ச்பாபும் இருக்கிறார், நிஞ்ஜா டர்ட்டில்ஸும் இருக்கிறார்கள், யாருக்கும் குரல் இல்லை! அடுத்த வருடம்தான் அப்டேட்டில் குரல் வந்தது.

பாட்டுக்கும் இதே கதைதான். ஃபைனல் ஃபேன்டசியின் கிளவுட், பல கேம்களின் ஆட்கள் மோதும் ஸ்மாஷ் ப்ரதர்ஸ் அல்டிமேட்டில் 2018-இல் இருந்தார், ஆனால் அவருடைய கேமிலிருந்து இரண்டே இரண்டு இசைத் துண்டுகள்தான் கூட வந்தன. 2020 டிசம்பரில் அதே கேமின் வில்லன் செஃபிரோத் வந்த பிறகுதான் அந்தப் பட்டியல் நீண்டது. டிஸ்னி ஆட்களும் வரும் கிங்டம் ஹார்ட்ஸ் கேமின் நாயகன் சோரா வந்தபோது இன்னும் நுணுக்கம்: கையில் கீபிளேடு என்ற சாவி வடிவ வாள், அதன் நுனியில் தொங்கும் சங்கிலியில் மிக்கியின் தலை வடிவம், அவ்வளவுதான், டொனால்டும் கூஃபியும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சின்னச் சங்கிலிக்குப் பின்னால் எத்தனை கூட்டங்கள் நடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு அதைச் செய்தவர்கள் மேல் மரியாதைதான் வருகிறது.

கேள்வி: கெஸ்ட் கேரக்டர்களில் யாரை நன்றாகச் செய்ததாக நினைக்கிறீர்கள்?

தயங்காமல் கீஸ் ஹோவர்ட், டெக்கன் 7. 1991-இல் ஃபேட்டல் ஃப்யூரி என்ற கேமில் கடைசி எதிரியாக வந்தவர், 2டி கேமில் பிறந்த ஆள். அவரை 3டி கேமுக்குக் கொண்டுவரும்போது டெக்கன் ஆள்போல மாற்றிவிடாமல் அவருடைய பவர் கேஜையும் (சண்டையில் நிரம்பி, பெரிய அடிகளுக்குச் செலவாகும் அளவுக்கோடு) சேர்த்தே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தரையோடு ரெப்புக்கென் என்ற சக்தி அலையை வீசுவார். நீங்கள் அவசரப்பட்டுக் குத்தினால், அந்த அடியை அப்படியே பிடித்து உங்களைத் தூக்கி எறிவார். பழைய கேமை ஆடியவர்களுக்கு அந்த ஒரு எறிதலே போதும். டெக்கன் ஆட்டக்காரர்கள் பலருக்கு இவர் மேல் கோபம் உண்டு, தாவி வந்து அடிப்பதும் கேஜும் டெக்கனின் தூரக் கணக்கையே குலைக்கிறது என்று. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் பெயரையும் தோலையும் மட்டும் வாங்கி, சண்டை போடும் விதத்தை விட்டுவிடுகிற கெஸ்ட்டுகளை விட இப்படித் தொந்தரவு தருகிறவரே எனக்கு வேண்டும். சோல்கேலிபர் 6-க்கு விட்சர் கேம்களிலிருந்து வந்த கெரால்ட்டையும் இதே வரிசையில் வைப்பேன், வாளோடு அவருடைய மந்திரக் குறிகளும் வந்தன, அங்கே அவருக்குப் பேசிய டக் காக்கிளின் குரலும் வந்தது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய கேரக்டர் உரிமம் முடிந்ததும் காணாமல் போகுமா?

இதைத்தான் எல்லாரும் வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது இது: உரிமத்தின் காலம் முடிகிறது, டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், ஏற்கெனவே வாங்கியவர் திரும்ப டவுன்லோட் செய்துகொள்ளலாம், புதிதாக யாரும் வாங்க முடியாது. 2013 டிசம்பரில் மார்வெல் ஹீரோக்களை உரிமம் வாங்கிச் செய்த மார்வெல் வெர்சஸ் காப்காம் 2-உம், அதன் மூன்றாம் பாகமான அல்டிமேட் 3-உம் இப்படித்தான் கடையை விட்டுப் போயின. இத்தனைக்கும் ஆன்லைனில் ஆட ஆள் இருந்த கேம்கள். அல்டிமேட் 3 மூன்று வருடம் கழித்து பிளேஸ்டேஷன் 4-இல் திரும்பி வந்தது, இரண்டாம் பாகத்துக்கு 2024-இல் வந்த தொகுப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களே வளர்ந்துவிட்டார்கள்.

எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒரு கேரக்டரைக் கற்றுக்கொள்ள நாம் போடும் உழைப்பு சாதாரணமானதா? காம்போ என்ற தொடர் அடி, தூரம், எந்த அடிக்கு எது பதில் என்று மாதக் கணக்கில் கையில் ஏற்றிக்கொள்கிறோம். உரிமத்துக்கு முடிவுத் தேதி இருப்பதை நான் குறை சொல்லவில்லை, அந்தத் தேதியை வாங்குகிறவரிடம் மறைப்பதைத்தான் குறை சொல்கிறேன். விற்கும் பக்கத்திலேயே ஒரு வரி போட்டால் என்ன? அதுவரைக்கும், எல்லாக் கேரக்டரும் சேர்ந்து டிஸ்க்கில் வரும் முழுப் பதிப்பு இருந்தால் அதை வாங்குங்கள். வாங்கும்போது டிஸ்க்கிலேயே இருக்கிறார்களா, உள்ளே டவுன்லோட் செய்வதற்கான வெறும் குறியீட்டு எண்தானா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன ஃபைட்டிங் கேம் செய்கிறோம். இலவசமாகத்தான் தரப்போகிறோம். பிரபலமான ஒரு கார்ட்டூன் கேரக்டரை உள்ளே வைக்கலாமா?

வேண்டாம். இலவசம் என்பது சட்டப்படி பாதுகாப்பு ஆகாது. உங்களைப் போலவே ஒரு ரசிகர் குழு மை லிட்டில் போனியை வைத்து ஒரு ஃபைட்டிங் கேமை ஆசை ஆசையாகச் செய்து, கிட்டத்தட்ட முடிக்கும் நேரத்தில், 2013-இல் அதன் உரிமையாளரான ஹாஸ்ப்ரோவிடமிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. குதிரைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கார்ட்டூன் தொடரை உருவாக்கிய லாரன் ஃபாஸ்டே முன்வந்து புதுக் கேரக்டர்களை வரைந்து தந்தார், அது தெம்ஸ் ஃபைட்டின் ஹெர்ட்ஸ் என்ற பெயரில் 2020-இல் முழுமையாக வெளிவந்தது.

கெஸ்ட் வேண்டும் என்று ஆசையாக இருந்தால் உங்கள் அளவில் இருக்கும் இன்னொரு குழுவிடம் கேளுங்கள். ரைவல்ஸ் ஆஃப் ஈத்தர் என்ற ஃபைட்டிங் கேமில் ஷவல் நைட் கேமின் நாயகன் விருந்தாளியாக வந்தது சின்ன ஸ்டுடியோக்களுக்குள் நடந்த ஏற்பாடுதான். எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை வருடம், எந்தெந்தக் கருவிகளில், காலம் முடிந்த பிறகு ஏற்கெனவே வாங்கியவர் கதி என்ன என்பதும் அதில் இருக்கட்டும். முதலில் உங்கள் சொந்த ஆட்களில் ஒருவரை முழுதாக முடித்துவிட்டுப் போய்க் கேளுங்கள், கேரக்டரைக் கொடுப்பவர் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.